கோல் வேந்தருக்கு வரவேற்புரை

டெல்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் பொங்கல் விழாவுக்கு இந்த வருடம் சிறப்பு விருந்தினர், இந்தியாவுக்காக ஆடிய புகழ்பெற்ற கால்பந்து வீரர். வியாசர்பாடிக்காரர். அவரை வரவேற்றுப் பேசும் வேலை என் தலையில் விழுந்தது. லிஃப்டில் நான் அடிக்கும் ஜோக்குகளை மேடைப் பேச்சு என்று சொசைட்டி செயலாளர் நினைத்துவிட்டார். எனக்குத் தெரிந்த விளையாட்டு கிரிக்கெட் மட்டும். பந்து பெரிதாக இருந்தால் எனக்கு விஷயம் தெரியாது.

ஆனாலும் விட்டேனா? தமிழ் விழா என்றால் அடைமொழி வேண்டும். ‘எதிரணி வலைகளைக் கிழித்தெறிந்த கோல் வேந்தரே’ என்று ஆரம்பித்து, குளியலறையில் ஒரு வாரம் மனப்பாடம் செய்தேன்.

விழாவன்று ஜனக்புரியில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தவரை என் காரில் அழைத்து வந்தேன். டிராஃபிக்கில் நின்றபோது, பெருமை தாங்காமல் முதல் வரியை எடுத்துவிட்டேன். அவர் கடைசிவரை மரியாதையாகக் கேட்டார்.

“நல்லாருக்கு சார். ஆனா நான் டிஃபென்டர். அடிக்க வர்றவன தடுக்கறதுதான் நம்ம வேலை.”

ஜனவரிக் குளிரில் எனக்கு முதுகு வியர்த்தது. ஒன்றிரண்டாவது அடித்திருப்பீர்களே என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன்.

“இந்தியாவுக்கு ஆடினதுல ஒண்ணு இருக்கு சார். அதுவும் நம்ம கோல்லயே.”

மறுநாள் பேப்பரில் மகன் பெயர் வந்துவிட்டது என்று அவர் அம்மா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாராம். அடுத்த மேட்சில் பயமாக இல்லையா என்றேன். பயமாகத்தான் இருந்ததாம், ஆனால் பந்து அவரிடம்தான் வந்துகொண்டே இருந்ததாம், ஓடிப்போகவா முடியும் என்றார். அப்படியே பல வருடம் ஆடி, கேப்டனும் ஆகி, முழங்கால் போன பிறகுதான் நிறுத்தியிருக்கிறார். நான் மீதி வழியெல்லாம் புதிய முதல் வரி ஒன்றைத் தேடிக்கொண்டே ஓட்டியதில் இரண்டு சிக்னல்களில் ஹாரன் வாங்கினேன்.

மேடை ஏறினேன். முன்வரிசையில் என் மனைவி, இந்த மனிதர் என்ன உளறப்போகிறாரோ என்ற முகத்தோடு. புதிய வரி கிடைக்காமலே மைக்கைப் பிடித்தேன். வாய் தன் பாட்டுக்கு, ஒரு வாரப் பயிற்சியோடு, “எதிரணி வலைகளைக் கிழித்தெறிந்த கோல் வேந்தரே” என்றது. கூட்டம் கைதட்டியது. எனக்கு அப்படியே மேடைக்குக் கீழே போய்விட வேண்டும்போல இருந்தது.

பொன்னாடைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்த விருந்தினர், என் பக்கம் சாய்ந்தார்.

“சேம் சைடு கோலு சார். பரவால்ல, மேட்ச் இன்னும் முடியல. ஆடுங்க.”

“மன்னிக்கணும்,” என்றேன் மைக்கில். “இவர் கோல் அடிச்சவர் இல்லை. அடிக்க விடாதவர்.”

பிறகு காரில் கேட்டதையெல்லாம், மிட்டாய் உட்பட, சொன்னேன். ஜனம் சிரித்தது. அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பயம் போனதும் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. பொங்கல் ஆறிக்கொண்டிருக்கிறது, ஜல்தி முடியுங்கள் என்று பின்னாலிருந்து செயலாளர் என் சட்டையை இழுத்ததும் தெரியவில்லை. கடைசியில் விருந்தினரே எழுந்து வந்து, கைதேர்ந்த டிஃபென்டர்போல, என்மேல் படாமல் மைக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்.