ஏழு பேரை மட்டும் எண்ணிய கணக்கு டீச்சர்

நெய்வேலியின் எந்த பிளாக்கிலும் என்னோடு வாதாடி ஜெயித்தவர் ஒருவர்கூட இல்லை. நான் பேசத் தொடங்கினால் சுரங்கத்து ராட்சத இயந்திரமே மண் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கும். சரி, இயந்திரம் நிற்காது. என் மருமகள்கூட மிக்சியை நிறுத்துவதில்லை. ஆனால் குமரவேல் நின்று கேட்டான். அதுதான் உறுத்துகிறது.

குமரவேல் முத்தாண்டிக்குப்பத்துக்காரன், என்னிடம் கணக்குப் படித்தவன். சுரங்கத்தில் பதினெட்டு வருடமாகக் கான்ட்ராக்ட் வேலை. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டும் சேற்றை வாருவான். மோட்டார் கெட்டால், சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவான். இரண்டு வருடத்துக்கு முன் வடலூரில் ஒரு மோட்டார் பட்டறையைப் பார்த்துக்கொள்ள அவனைக் கூப்பிட்டார்கள். போவதா வேண்டாமா என்று கேட்க, மனைவி மலர்கொடியோடு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தான்.

"பதினாறு வருஷம் நின்னாச்சு. இப்ப விட்டா அத்தனையும் வீண்தானேடா?" என்றேன். காத்திருந்து பர்மனென்ட் ஆன ஏழு பேரின் பெயர்களை விரல் மடக்கிச் சொன்னேன்.

"காத்துகினு இருந்து ஆவாதவங்க எத்தினி பேருங்க டீச்சர்?" என்றாள் மலர்கொடி.

முப்பது வருடம் கணக்கு நடத்தியவளுக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். போன பதினாறு வருடம், அவன் இருந்தாலும் திரும்பாது, கிளம்பினாலும் திரும்பாது. எனக்கோ ஜெயிக்க வேண்டியிருந்தது. "கல்யாணம் பண்ணித் தோத்தவங்களையே எண்ணிக்கிட்டிருந்தா நீ இவனைக் கட்டியிருக்கவே மாட்டியே!" என்றேன். குமரவேல் விழுந்து விழுந்து சிரித்தான். அவள் அப்புறம் வாய் திறக்கவில்லை.

பட்டறைக்கு வேறு ஆள் போனான். இப்போது கான்ட்ராக்டர் மாறி, குமரவேலுக்கு மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் ஷிஃப்ட். பர்மனென்ட் பேச்சே இல்லை. மலர்கொடி முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறாள். கொட்டைத் தோலின் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துவிட்டது. பர்மனென்ட் ஆகாதவர்களை நானும் ஒருநாள் உட்கார்ந்து எண்ணினேன். எங்களுக்குப் பால் போடுகிறவரே அதில் ஒருவர். நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

நேற்று அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். "என் பேச்சைக் கேட்டுத்தான் அவன் கெட்டான். மன்னிச்சுடும்மா" என்றேன்.

அவள் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

"உங்க பேச்ச கேட்டெல்லாம் இல்லீங்க டீச்சர். போவ மாட்டேன்னு வூட்லயே முடிவு பண்ணிட்டாரு. நாந்தான் போங்க போங்கன்னு மூணு நாளா சண்ட போட்டுகினு இருந்தேன். என் வாய அடைக்கத்தான் உங்ககிட்ட இட்டுகினு வந்தாரு. அடைச்சிட்டீங்க."