கட்டிங் மாஸ்டர் சமைத்த மாதங்கள்

ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கனவு காண நிறைய நேரம் உண்டு. பனியனின் உடம்போடு கையைச் சேர்ப்பது என் வேலை. விரல் துணியைத் தள்ளிவிடும், கால் மிதிக்கும், ஊசி ஓடும். மனசுக்கு அங்கே வேலையே கிடையாது. அது தன் பாட்டில் கிளம்பிப் போய்விடும். அந்த வருடம் அது வேறெங்கும் போகவில்லை, சோற்றைத் தேடித்தான் போனது.

டியூப்லைட் வெளிச்சத்தில் பஞ்சுத்தூசி மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். எனக்கு அது துருவிய தேங்காயாகத் தெரியும். அப்படியே போய் அரிசியும்பருப்புச் சோற்றின் மேல் விழும். பக்கத்தில் ஊத்துக்குளி வெண்ணெய் வாணலியில் உருகிக்கொண்டிருக்கும். கடைசியில் ஒரு கொத்து முருங்கை இலையைப் போட்டால் சடசடவென்று பொரிந்து அடங்குமே, அந்தச் சத்தம் அத்தனை மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது. நெய் வாசனைகூட வந்தது. நிமிர்ந்து பார்த்தால் வடக்கத்திப் பெண்கள் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருப்பார்கள். அது அவர்களுடைய கடுகெண்ணெய் வாசம். மதிய மணி அடித்ததே எனக்குத் தெரிந்திருக்காது.

சின்ன வயதிலிருந்தே நான் கனவுக்காரிதான். ஆனால் சோற்றைக் கனவு காண்கிற ஆள் இல்லை. அந்தப் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியவர் என் வீட்டுக்காரர்.

அவர் கட்டிங் மாஸ்டர். பனியன் துணியை அடுக்கடுக்காக மேசையில் விரித்து, உடம்பு, கை, கழுத்துப்பட்டி என்று அச்சுகளை அதன் மேல் வைத்து வெட்டுகிறவர். எந்த அச்சை எப்படித் திருப்பி வைத்தால் இடையில் துணி வீணாகாது என்று பார்ப்பதுதான் அந்த வேலையின் சூட்சுமம். அவர் வெட்டிய மேசையில் கழிவு என்று அள்ளினால் ஒரு கைப்பிடி தேறாது என்று முதலாளியே சொல்வாராம். முதலாளி சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாணமான நாளிலிருந்து இவர் சொல்லித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெளிநாட்டு ஆர்டர்கள் சுருங்கிப்போன வருடம் அது. மங்கலம் ரோட்டில் இவர் வேலை செய்த சின்ன யூனிட்டில் முதலில் ஷிப்டைக் குறைத்தார்கள். பிறகு, ஆர்டர் வந்ததும் கூப்பிடுகிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். அருள்புரத்தில் நான் போய்க்கொண்டிருந்த கம்பெனி மட்டும் ஓடியது. வீட்டில் மாமனார், மகள், நாங்கள் இரண்டு பேர். என் ஒருத்தியின் சனிக்கிழமைச் சம்பளத்தில் நாலு வயிறும் நிறைய வேண்டும். மகள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். நானும் கம்பெனிக்கு வரட்டுமா என்று ஒரு நாள் கேட்டாள். அந்தப் பேச்சை அங்கேயே அறுத்துவிட்டேன். ஆனால் என் மெஷினும் நின்றுவிட்டால் அது திரும்ப வரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சும்மா உட்கார்ந்திருப்பது இவருக்கு ஆகாத காரியம். சமையலறையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். பந்தியில் பரிமாறுகிறவன் நம்மவனாக இருந்தால் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தாலும் கவலையில்லை என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

நிஜமாகவே அவர் கெட்டிக்காரராகத்தான் இருந்தார். உழவர் சந்தைக்கு விடிகாலையில் போகிறவர்கள் எல்லாம் விவரம் கெட்டவர்கள் என்று கண்டுபிடித்தார். கடையைக் கட்டுகிற நேரமாகப் பார்த்துப் போவார். கோணல் கத்தரிக்காயும், உடைந்த அவரையும், வாடத் தொடங்கிய கீரையும் பை நிறைய வரும். பீர்க்கங்காய் ஒரு நாள் கூட்டு என்றால் அதன் தோல் மறுநாள் துவையல். காலிஃபிளவரின் தண்டைப் பொடியாக அரிந்து பொரியல் செய்தார். கொள்ளை வேகவைத்தால் தண்ணீர் ரசத்துக்கு, கொள்ளு கடைசலுக்கு. ரேஷன் அரிசியை எவ்வளவு நேரம் ஊறவைத்தால் இட்லி மிருதுவாக வரும் என்று பக்கத்து வீட்டுப் பெண்களுக்கே பாடம் எடுத்தார். தாளிக்கிற எண்ணெய்க்குக் கரண்டி போய் ஸ்பூன் வந்தது. அப்பா சாம்பாரையும் மேசையில் விரித்து வெட்டுகிறார் என்று மகள் கேலி செய்தாள். சம்பளம் வெள்ளிக்கிழமை வரைக்கும் வந்தது. நான் சமைத்த காலத்தில் அது புதன்கிழமையே மூச்சு வாங்கும்.

ஒரு பனியனுக்கு எவ்வளவு துணி பிடிக்கும் என்று தெரிய, முதலில் ஒரு சாம்பிள் செய்து நிறுத்துப் பார்ப்பார்கள். எங்களையும் அவர் அப்படித்தான் நிறுத்தார். தராசில் இல்லை, கண்ணால். யார் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று கொஞ்ச நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மாமனாருக்கு இவ்வளவு, மகளுக்கு இவ்வளவு, தனக்கு இவ்வளவு என்று முடிவாயிற்று. எனக்கு அவர் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடமாகப் பார்த்ததுதானே. எல்லோரும் எழுந்த பிறகு சட்டியை வழித்து இரண்டு கரண்டி போட்டுக்கொள்வேன், அவ்வளவுதான். உனக்குக் குருவி வயிறு என்று எப்போதும் சொல்வார். அந்தக் குருவி வயிற்றையும் சேர்த்துக் கூட்டி, ஒரு டம்ளரை அளவாக வைத்து, அரிசி போட ஆரம்பித்தார்.

அதன் பிறகு பானையில் ஒரு பருக்கை மிஞ்சியதில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பானையைச் சாய்த்து எனக்குக் காட்டுவார். அவர் முகத்தில் ஒரு களை வரும். வேலை போனதிலிருந்து அந்த முகத்தில் நான் தேடிக்கொண்டிருந்த களை அது. அதனால் நானும் ஆச்சரியப்பட்டு வைப்பேன்.

எனக்கு அப்போது பசித்ததா என்றால், பசித்தது என்று சொல்லத் தெரியவில்லை. உடம்பு லேசாக இருந்தது. காலையில் கம்பெனி வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ரோடும் சாயப்பட்டறைச் சுவர்களும் தண்ணீருக்குள் போவதுபோலப் போகும். மதியத்துக்கு மேல் மெஷின் சத்தம் எங்கோ அடுத்த தெருவிலிருந்து வருவதாகத் தோன்றும். நான் ஒரு பெரிய சமையலறையில் நடந்துகொண்டிருப்பேன். யாரோ வெல்லம் கரைத்துக் கச்சாயம் சுட்டுக்கொண்டிருப்பார்கள், முகம் தெரியாது. எண்ணெயில் அது உப்பி மேலே வரும், நான் கையை நீட்டுவேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த மயக்கம் இனிமையாகத்தான் இருந்தது. வீட்டுக் கவலை அங்கே வருவதில்லை.

ஆனால் நான் கச்சாயத்துக்குக் கை நீட்டிய நேரத்தில் என் ஊசி பனியனின் கையை உள்வெளியாகத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டது. ஒன்று இரண்டு என்றால் பிரித்துத் தைக்கலாம். செக்கிங்கில் இருந்து கட்டுக் கட்டாக என் மெஷினுக்குத் திரும்பி வர ஆரம்பித்தது. சூப்பர்வைசர் நல்ல பையன், என்னைவிட வயதில் சின்னவன். யாருக்கும் கேட்காமல் பக்கத்தில் குனிந்து சொன்னான்.

“அக்கா, இன்னொருக்கா இப்படி வந்துதுன்னா உங்களை நூல் வெட்டற பக்கம் மாத்தீருவாங்க. என்னால தடுக்க முடியாதுங்க.”

நூல் வெட்டுவது ஹெல்பர் வேலை. டெய்லருக்குக் கிடைப்பதில் பாதிகூடக் கிடைக்காது. எனக்குக் கண் முன்னால் மகளின் பள்ளிக்கூடப் பை வந்து நின்றது. கண் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். வயதாகிவிட்டது என்று நினைத்தேன். ரத்தம் குறைவாக இருக்கும் என்று முருங்கைக்கீரையைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளப் பார்த்தால், கீரையும் அளவாகத்தான் இருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததை எல்லாம் எரிச்சலாக்கி, மாமனாரின் டிவி சத்தத்தின் மேலும் மகளின் பின்னலின் மேலும் காட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊத்துக்குளிப் பக்கம் ஒரு யூனிட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இவர் காலையிலேயே பஸ் ஏறிப் போய்விட்டார். வெகு நாள் கழித்து அடுப்பு என் கைக்கு வந்தது. தட்டப்பயறும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வைத்தேன். டம்ளரைத் தொடவில்லை, அரிசியைக் கைக்கு வந்தபடி அள்ளிப் போட்டேன். உப்புப் பார்க்க உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கினேன். புளி போதுமா என்று இன்னொரு முறை. பயறு வெந்ததா என்று நாலைந்து பயறு. மகள் பாதி தோசையை வைத்துவிட்டு எழுந்து போனாள், அதை நின்றபடியே தின்றேன். சோறு அடியில் லேசாகப் பிடித்திருந்தது, அதைச் சுரண்டி, குழம்புச் சட்டியில் புரட்டி வாயில் போட்டுக்கொண்டேன். எல்லோருக்கும் போட்டு முடித்து, கடைசியில் உட்கார்ந்து, வழக்கம்போல இரண்டு கரண்டி போட்டுக்கொண்டேன். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடினேன்.

அப்புறம் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு மாடிக் கொடியில் யாரோ காயப்போட்ட பனியன்கள் ஆடின. கனவு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பனியன் பனியனாகவே இருந்தது. எல்லாம் கழுவி விட்டதுபோல அத்தனை துலக்கமாகத் தெரிந்தது.

எனக்கு மெல்லத்தான் விளங்கியது. வயிறு நிறைந்திருந்தது. இரண்டு கரண்டிச் சோற்றால் நிறையவில்லை. உள்ளங்கையில் நக்கியதாலும், சுரண்டியதாலும், அடுத்தவர் வைத்துவிட்டுப் போனதாலும் நிறைந்திருந்தது. மறுநாள் காலையில் அந்தத் தண்ணீர்ச் சோற்றைச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு நான் குடிப்பேன். இத்தனை வருடமும் நான் அப்படித்தான் சாப்பிட்டிருக்கிறேன். தட்டில் இருந்தது பெயருக்கு. இவர் வீண் என்று ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாரே, அதுதான் என் சாப்பாடு.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அடக்க முடியாமல் கோபம் வந்தது. இவர் மேலா, என் மேலா என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம்.

இருட்டுகிற நேரத்தில் அவர் வந்தார். வேலை இல்லை என்று முகமே சொல்லியது. கை கால் கழுவிவிட்டு அடுப்படிக்குள் போனவர் பானையின் மூடியைத் திறந்து பார்த்தார்.

“ஏம்புள்ள, அளவு தப்பீருச்சா? இத்தன சோறு மிஞ்சிக் கெடக்குது.”

“மிஞ்சலீங்க,” என்றேன். “அது என்ற பங்குங்க. மிச்சம் மிச்சம்னு நீங்க வெட்டி எறிஞ்சதெல்லாம் இத்தன வருசமா நான் தின்னுட்டு இருந்ததுங்க.”

அவருக்கு உடனே புரியவில்லை. நின்றபடி தின்றது, சுரண்டித் தின்றது, காலைத் தண்ணீர்ச் சோறு என்று எல்லாவற்றையும் சொன்னேன். கம்பெனியில் துணி திரும்பி வருவதையும், நூல் வெட்டப் போகச் சொல்வார்கள் என்பதையும் சொன்னேன். மகள் படிக்கிறதை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பசித்தால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு வீடு இரண்டாகியிருக்கும். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூடியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“அப்ப உனக்கு எத்தன வேணும்? சொல்லு, நாளையிலிருந்து போட்டறேன்.”

சொல்ல வாயைத் திறந்தேன். எனக்குத் தெரியவில்லை. மாமனாருக்கு ராத்திரியில் எவ்வளவு சோறு ஒத்துக்கொள்ளும், மகள் எந்தக் குழம்புக்கு மறுசோறு கேட்பாள், இவர் மனசு சரியில்லாத நாளில் எவ்வளவு குறைப்பார், எல்லாம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். என் அளவு மட்டும் எனக்குத் தெரியாது. அந்த இடத்தில்தான் அழுகை வந்தது. பசிக்கு அழவில்லை, இதற்குத்தான் அழுதேன்.

மறுநாள் சாயங்காலம் கம்பெனி வண்டியை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும், கை கழுவிவிட்டு வந்து உட்கார் என்றார் இவர். மாமனார் இன்னும் சாப்பிடவில்லை. அவருக்கு முன்னால் நான் தட்டில் உட்கார்ந்து பழக்கமே இல்லை. கூச்சமாக வாசற்படியில் நின்றேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே மாமனார் சொன்னார்.

“உக்காரு கண்ணு. எனக்கென்ன அவசரம்.”

உட்கார்ந்தேன். பச்சைப்பயறு கடைசலும் சோறும். சூடான சோறு. சமைத்த கை என்னுடையது இல்லை என்பதால் அதன் வாசனையே புதிதாக இருந்தது. அவர் பானையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதிரே குந்தி உட்கார்ந்து, ஒரு கரண்டி போட்டார். தின்றேன். இன்னொரு கரண்டி போட்டார். தின்று முடித்ததும் போதும் என்று கையைக் குறுக்கே நீட்டினேன். கரண்டி அப்படியே நின்றது.

“பழக்கத்துல சொல்றியா, வகுறு நெறஞ்சு சொல்றியா?”

நான் யோசித்துப் பார்த்தேன். நீட்டிய கையை எடுத்துக்கொண்டேன்.

“போடுங்க,” என்றேன்.

போட்டார். தலையைக் குனிந்து சாப்பிட்டேன். யாருக்கு மிச்சம் வைக்க வேண்டும் என்று ஒரு தடவைகூடப் பானைப் பக்கம் பார்க்கவில்லை. நான் போதும் என்று சொன்னபோது அதில் மாமனார் ஒருவருக்குத்தான் சோறு இருந்தது. என் வீட்டுக்காரர் பானையை எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் இன்னொரு உலை வைத்தார்.