கிழிந்த கடிதம்

அந்த அரசு ஆஸ்பத்திரியில் சிஸ்டரம்மா என்றால் அவள் ஒருத்திதான். டாக்டர் ஊரைவிட்டுப் போய் ஐந்து மாதம், கம்பவுண்டர் போய் மூன்று. கரண்ட் வந்தால் உண்டு. அன்று இரண்டு மணி நேரமே வந்ததில் பனிக்கட்டி அரைகுறையாக உறைந்திருந்தது. தடுப்பூசிப் பெட்டி மதியம் வரை தாங்கினால் பெரிது. பாலத்துக்கு அப்பால் தட்டம்மை இரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோயிருந்தது. இன்னும் நாற்பது பேர் ஊசிக்குக் காத்திருந்தார்கள்.

பாலத்தைக் கடக்க அனுமதிக் கடிதம் வேண்டும். நாங்கள்தான் அரசாங்கம் என்று இரண்டு கூட்டம் சொன்னதால், அவள் கைப்பையிலும் இரண்டு கடிதம். நேற்றுவரை பாலத்தில் பழையவர்கள். அவர்கள் முத்திரையிட்டதையே நீட்டினாள்.

துப்பாக்கிக்காரன் முகம் சுளித்தான்.

"இந்த முத்திரை காலையிலயே செத்துப்போச்சு. தெரியாதா?"

அவள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். தெரிந்த ஆள்தான்.

"நீங்க தபால்காரர்தானே? பையைப் போட்டுட்டு இதை எப்ப எடுத்தீங்க?"

"ஆபீசைப் பூட்டி ஒரு வருஷம் சிஸ்டர். மனு கொடுக்கப் போனா வாங்க ஆளில்ல. இவங்கதான் கூப்பிட்டுச் சோறு போட்டாங்க. பெட்டியைத் திறங்க."

"சூடு ஏறும்."

"உள்ள என்ன இருக்குன்னு ஜோசியமா பாக்கறது?"

திறந்தாள். மருந்துக் குப்பியின் மேல் வட்டத்துக்குள் ஒரு வெளிர்ச் சதுரம் உண்டு. சூடு பட்டால் கறுக்கும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்து வீண். அவரோ குப்பியை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"அடுத்தவங்க லெட்டரை வெயில்ல பிடிச்சுப் படிச்ச பழக்கம் இன்னும் போகலையா? உள்ள வைங்க."

பக்கத்துக் காவல்காரன் வாய்விட்டுச் சிரித்தான். தபால்காரர் குப்பியை வைத்துவிட்டார். அவள் எடுத்து நீட்டிய இரண்டாவது கடிதத்தைப் பார்த்து வழிவிட்டார். முதல் கடிதத்தைக் கிழித்து ஆற்றில் போட்டார்.

பள்ளிக்கூட வராந்தாவில் முப்பத்தெட்டாவது ஊசி போடும்போது பாலத்துப் பக்கம் சுடும் சத்தம் கேட்டது.

"பழைய ஆளுங்க திரும்பிட்டாங்களாம் சிஸ்டரம்மா," என்றாள் ஒரு தாய். "எப்படித் திரும்பிப் போவீங்க?"

கைப்பையில் இருப்பது புதியவர்களின் கடிதம் மட்டும். அதை எடுத்து நான்காக மடித்துச் செருப்புக்குள் வைத்தாள். கடைசிக் குப்பியைப் பார்த்தாள். சதுரம் கறுத்துக்கொண்டு வந்தது, ஆனால் வட்டத்தை இன்னும் எட்டவில்லை.

"போறதை அப்புறம் பாக்கலாம். பிள்ளை கையை இறுக்கிப் பிடி, உதறுது."