ஆயுத பூஜைக்குக் கழுவிய வேன்

என் அக்கா வீட்டுக்காரரின் வேனைச் சிதம்பரத்தில் நான்தான் ஓட்டுகிறேன். ஆயுத பூஜைக்கு அவரே பானெட்டைத் திறந்து, என்ஜின் மேல் ஹோஸ் பிடித்துக் கழுவி, ஈரத்தின் மேலேயே குங்குமம் வைத்தார். மறுநாள் வண்டி மிஸ்ஸிங் அடித்து உதறியது.

"நல்ல பெட்ரோல வித்துட்டு மண்ணெண்ணெய ஊத்தியிருக்கான், திருட்டுப்பய!" என்று ஸ்டாண்டில் எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டிக் கத்தினார். அக்காவும் அங்கே இருந்தாள்.

பெட்ரோலை வடித்து மாற்றியும் உதறல் நிற்கவில்லை. கடைசியில் மெக்கானிக் பிளக் ஒயரைப் பிடுங்கினார். பிளக் குழிக்குள் குங்குமத் தண்ணீர் சிவப்பாகத் தேங்கியிருந்தது.

"என்ஜின்ல ஹோஸ் புடிச்சது யாருண்ணே?"

மெக்கானிக் அவரைப் பார்த்துக் கேட்டார். துடைத்து மாட்டியதும் வண்டி சீராக ஓடியது.

"ஏறு மச்சான், போலாம்" என்றார் அக்கா வீட்டுக்காரர்.

ஏறினேன். இன்றும் ஓட்டுகிறேன். ஆனால் அன்றிலிருந்து அவரை மாமா என்று கூப்பிட்டதில்லை. ஓனர் என்றுதான் கூப்பிடுகிறேன்.