முருகன் அட்டை போட்ட புத்தகம்

மகளின் கையைத் தூக்கிக் கட்ட மெல்லிய துணி வேண்டியிருந்தது. அப்பாவின் பழைய வேட்டி கிடக்குமே என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை, அதற்கும் அடியில் லேசாகக் குங்குமம். வேட்டியை உருவியபோது, மயில்மேல் முருகன் உட்கார்ந்திருக்கும் காலண்டர் தாளில் அட்டை போட்ட தடிப் புத்தகம் ஒன்று மடியில் விழுந்தது.

கை எப்படி ஒடிந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டைக்குக் காலேஜ் போகிற பஸ்ஸில் கூட்டம். மலர் படியில் நின்றிருக்கிறாள், வளைவில் விழுந்துவிட்டாள். போன வாரம். எலும்பு சேர்ந்துவிடும் என்கிறார் டாக்டர். எனக்குத்தான் இன்னும் எதுவும் சேரவில்லை. போன் அடித்தால் முதல் மணியிலேயே ஓடுகிறேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லிவிட்டேன், "காலேஜ் போனது போதும். வீட்டுலருந்தே தபால்ல படிச்சுக்க." அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அதற்குச் 'சாமி புத்தகம்' என்று பெயர். பூஜை அலமாரியில் விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கும். விளக்கேற்றியதும் அம்மா அதை விரித்து, உதடு மட்டும் அசைய வாசிப்பாள். அப்பா கடலை வியாபாரி. எழுத்து தெரியாது, கைநாட்டுதான். அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் அட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

அக்கா எட்டாவது முடித்த வருஷம். மேலே படிக்க அரிமளம் போக வேண்டும், கண்மாய்க்கரை வழியாக நடை. "கரையில யாரு தொணைக்குப் போறது? எட்டாப்பு போதும்" என்றுவிட்டார் அப்பா. அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அம்மா புத்தகத்தோடு வந்து நின்றாள்.

"பொம்பளப் பிள்ளையப் படிக்க வைக்கணும்னு சாமி புத்தகத்துலயே போட்டிருக்குங்க."

"யாரு, முருகனா சொன்னாரு?"

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க. இவன வாசிக்கச் சொல்லுங்க."

நான் அப்போது ஐந்தாவது. அதுவரை அந்தப் புத்தகத்தைத் தொட எனக்கு அனுமதியில்லை. அம்மா விரல் வைத்த இடத்தில் எழுத்துக்கூட்டினேன். பயத்தைக் காரணம் காட்டிப் பெண்களின் படிப்பை நிறுத்தும் பெற்றோரை எழுதியவர் காய்ச்சி எடுத்திருந்தார். வழியில் ஆபத்தென்றால் வழியைச் சரிசெய்யுங்கள், பெண்ணைப் பூட்டாதீர்கள் என்கிற மாதிரி. வாசிக்க வாசிக்க மயிலும் வரவில்லை, வேலும் வரவில்லை. அப்பாவோ என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் நானாகவே, "என்று முருகன் சொன்னார்" என்று சேர்த்துவிட்டேன். அம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

"எந்த எடம்டா?" என்றார் அப்பா. காட்டினேன். குங்குமத்தில் கட்டைவிரலைத் தோய்த்து அங்கே அழுத்தினார். பள்ளிக்கூடம் திறந்ததும் அக்காவோடு அவரே கரைமேல் நடந்தார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, அந்த வருஷம் முழுக்க. கடலை வியாபாரமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அரிமளத்தில் ஒரு படிப்பகத்தை மூடியபோது சாக்கில் கட்டிப்போட்டிருந்தவற்றிலிருந்து மாமா எடுத்து வந்த புத்தகம் அது. உண்மையில் மூன்று புத்தகங்கள், ஒரே பைண்டிங்கில்: இந்தப் பக்கத்து ஊர்களின் வரலாறு, பெண் கல்வி, விதவை மறுமணம். பங்காளிகள் பார்த்தால் பேசுவார்கள் என்று அம்மா முருகனைக் காவலுக்குப் போட்டுவிட்டாள். முதல் பக்கங்கள் கிழிந்துபோனதால் எழுதியவர்கள் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வேட்டியை மறந்து தரையிலேயே உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். மலர் எட்டிப் பார்த்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"என்னப்பா இது, வெளியில முருகன், உள்ள விதவை மறுமணம்?"

கதையைச் சொன்னேன். கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும், மணமேல்குடியில் இருக்கும் அக்காவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள் அக்கா. குரல் இன்னும் வகுப்பறைக் குரல்தான்.

"அந்தப் புத்தகமா! பத்திரமா வையி, ஞாயித்துக்கெழம வாரேன். ஆமா, மலரு படிப்ப நிறுத்தச் சொன்னியாமே? அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாதுடா, ஒரு பக்கத்தக் கேட்டு மாறிட்டாரு. நீ தாலுகா ஆபீஸ்ல நாள் பூரா ஃபைல் படிக்கிறவன். ஒனக்கு என்னடா கேடு?"

அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். அப்பாவின் கைநாட்டு காவி நிறத்துக்கு வந்திருந்தது.

திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு நானும் மலரோடு காலேஜ் போகிற பஸ்ஸில் ஏறினேன். அப்பாவின் வேட்டியில் கை தொங்க அவள் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு இடமில்லை. "படியில நிக்காதீங்கப்பா, இங்கிட்டு வாங்க" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி அதட்டினாள்.

ஊரைத் தாண்டியதும் கேட்டாள், "அத்தையும் தாத்தாவும் நடந்த கரை எதுப்பா?"

கையை நீட்டினேன். அலமாரி போய்விட்டது, அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள். கரையாவது இருக்கும் என்று நினைத்திருந்தேன். கரை மண்ணை நிரவி, மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கற்களை வரிசையாக நட்டிருந்தார்கள்.