டிரைவர் ஸீட்டில் ஒரு கல்

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நம்பாதவர்களுக்கு அந்த லாரியையே காட்டலாம் என்றால், விற்றுவிட்டார்கள். வாங்கியவர் நல்ல மனிதர். அவர் பெயரைச் சொல்லி அவர் தூக்கத்தைக் கெடுக்க மாட்டேன்.

போன சித்திரை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். என் நண்பன் நதீமின் அப்பா நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அன்றைக்கு லீவு. நதீம், ரூபன், நான், மூன்று பேரும் இலங்கைக்குப் போய், கார் எடுத்துத் தீவைச் சுற்றத் திட்டம் போட்டிருந்தோம். அப்பாக்களுக்குத் தெரியாது. தெரிந்தால் தீவு என்ன, திருச்செங்கோடே தாண்ட முடியாது.

பெயிண்டுக்கு வந்த ஒரு லாரி ஓரமாக நின்றது. இஞ்சின் இல்லை. டயர் இல்லை. கட்டைமேல் ஏற்றி வைத்திருந்தார்கள். கண்ணாடியெல்லாம் பேப்பர் ஒட்டி மறைத்திருந்தது. ரகசியம் பேச வாகான இடம். கேபினுக்குள் ஏறிக் கதவுகளைச் சாத்திக்கொண்டோம். இடது பக்கம் நானும் நதீமும். பின்னால் படுக்கையில் ரூபன்.

விஷயம் தெரிந்த ஒரே ஆள் என் அம்மா. அவர் போட்ட நிபந்தனையும் ஒன்றுதான். "மூணு பேரா கெளம்பாதீங்க சாமி. ஒரு கல்லயாச்சும் கூட எடுத்துக்கங்க, நாலாயிரும்."

ரூபன் கீழே கிடந்த கல் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தான்.

"இவர எங்கடா உக்கார வெக்கறது?"

"நம்மள்ல யாருக்கு லைசென்ஸ் இருக்குது?"

"ஒருத்தனுக்கும் இல்ல."

"அப்பக் கல்லே ஓட்டட்டும்."

டிரைவர் ஸீட்டில் வைத்தோம். கல்லைக் கூட எடுத்துப் போவதுதான் வழக்கம். ஸீட் கொடுக்கும் வழக்கம் எங்கேயும் இல்லை. நாங்கள் கொடுத்தோம்.

நதீம் போனில் மேப்பைத் திறந்தான். "மொதல்ல காலிங்கற ஊரு. கடற்கரை."

சலார்... சலார்...

யாரோ தண்ணீர் அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் பட்டறையின் வெளிக்கதவைப் பூட்டிவிட்டுத்தான் வந்திருந்தோம்.

"அடுத்தது சிங்கராஜா. மழைக்காடு."

கூரைமேல் சொட்டு விழுந்தது. பிறகு கொட்டியது. மக்கிய இலை வாசனை... கால் விரல்களில் ஈரம்.

நதீம் போனைக் கவிழ்த்து வைத்தான். "மூணாவத நான் சொல்லலடா."

"நுவரெலியாதான?" என்றான் ரூபன்.

கேபின் சாய்ந்தது. மலை ஏறும்போது அடைப்பதுபோல் காது அடைத்தது. கடகடவென்று கியர் மாறியது. கியர் பாக்ஸே இல்லாத வண்டியில்...

"எறங்குங்கடா!"

நான் இடது கதவைத் தள்ளினேன். நதீம் கல்லுக்கு மேலே எட்டி வலது கதவைத் தள்ளினான். ஒரே நேரத்தில். இரண்டும் அரை இஞ்ச் திறந்தன.

திரும்ப மூடிக்கொண்டன.

மறுபடி தள்ளினோம். மறுபடி அரை இஞ்ச்.

ரூபனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். இன்ஹேலர் வெளியே பைக்கில்.

"கண்ணாடிய... ஒடைங்கடா..."

உடைக்கலாம். உடைக்க இருந்த ஒரே பொருள் அந்தக் கல்.

யாரும் கை நீட்டவில்லை.

வண்டி இப்போது இறங்கியது. வேகமாக. நுவரெலியாவுக்குப் பிறகு நாங்கள் எந்த ஊரையும் யோசித்திருக்கவில்லை. அது நிற்கவில்லை.

ரூபனின் உதடு நீலம் பாய்ந்தது.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. கல்லைப் பார்த்தேன். பஸ்ஸில் கேட்பதுபோலக் கேட்டேன்.

"ஏனுங்ணா... கொஞ்சம் ஓரங்கட்டுங்க. ஆள் எறங்கோணும்."

பிரேக் அடித்த சத்தம்.

பிறகு... ஒன்றுமில்லை.

இடது கதவு தானாகத் திறந்தது. வெளியே பட்டறை. வெயில். காய்ந்த தரை.

இன்ஹேலரை அடித்துவிட்டு, ரூபனைப் பைக்கில் நடுவே உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பிழைத்துக்கொண்டான். டாக்டர் கிருத்திகா அவன் பேண்ட்டைச் சுருட்டிப் பார்த்துவிட்டு, "எந்த மலைக்குப் போனீங்க?" என்றார். கெண்டைக்காலில் ரத்தம் குடித்துக் கொழுத்த ஓர் அட்டை.

இலங்கையைக் கைவிட்டோம். ஒரு வாரம் கழித்து நதீமின் அப்பாவிடம், லாரிக் கதவு மாட்டிக்கொண்ட கதையை மட்டும் சொன்னோம். அவர் சிரித்தார்.

"எப்படிடா மாட்டும்? ரெண்டு டோர் லாக்கயும் வெள்ளிக்கெழமையே கழட்டியாச்சு. தொட்டாலே தெறந்துக்குமே."

அப்படியென்றால் யாரோ வெளியே நின்று கதவைப் பிடித்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும்.

ஓட்டியவர் உள்ளேதானே இருந்தார்...