சிறகை மடக்கிய ஆலா

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் ஒரு வங்கியில் குமாஸ்தாவாக இருந்தேன். சொந்த ஊர் எட்டயபுரம் பக்கம், கரிசல் காடு. கண்மாயில் கொக்கையும் நாரையையும் கேமராவோடு துரத்தித் திரிந்தவன். நான் எடுத்த கொக்குப் படம் ஒன்று ஒரு வாரப் பத்திரிகையில் வந்துவிட்டது. அவ்வளவுதான், தலையில் கொம்பு முளைத்துவிட்டது. தூத்துக்குடியில் கேமரா வைத்திருந்த ஏழெட்டுப் பேர் சேர்ந்து, ஒரு பள்ளிக்கூட ஹாலில் 'பறக்கும் பறவைகள்' என்று புகைப்படப் போட்டியும் கண்காட்சியும் நடத்தினார்கள். நான்தான் நடுவர்.

நடுவர் என்றால் சும்மாவா? சிறகுக்கென்றே ஒரு சட்டம் வைத்திருந்தேன். சிறகு நன்றாக மேலே தூக்கியிருந்தால் நல்ல மதிப்பெண். முழுக்கக் கீழே இறங்கியிருந்தாலும் பரவாயில்லை. நடுவில் தட்டையாக நீட்டியிருந்தால் பறவை வெறும் கோடாகத் தெரியும், கழித்துவிடுவேன். முகத்தைச் சிறகு மறைத்தால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் கீழே என் கருத்தை ஒரு தாளில் எழுதி ஒட்ட வேண்டும்.

அதில் ஒரு படம், ஆலா. கடல்மேல் பறக்குமே, வெள்ளைப் பறவை, அதுதான். தலைகீழாக, சிறகு இரண்டும் பாதி மடங்கி, அந்தரத்தில் கிடந்தது. சிறகை மடக்கிக்கொண்டு எந்தப் பறவையாவது பறக்குமா? எனக்குச் சிரிப்பு வந்தது. 'செத்த பறவையைத் தூக்கி எறிந்து எடுத்த படம். ஏற்பதற்கில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். எடுத்தது யார் என்றுகூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் வங்கிக்கு ஓர் இளம்பெண்ணும், அவரோடு ஆஜானுபாகுவான ஓர் ஆளும் வந்தார்கள். அந்தப் பெண்தான் ஆலாப் படத்தை எடுத்தவர்; அந்தப் பள்ளிக்கூடத்திலேயே ஓவிய டீச்சர், பக்கத்துக் கடற்கரை ஊரான தருவைகுளத்துக்காரர். கூட வந்தவர் அண்ணன், கரையில் நின்று கரைவலை இழுக்கிற மீனவர். கவுன்டரைத் தாண்டி அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டீச்சர்தான் மெதுவாகச் சொன்னார். வேலை இன்னும் தற்காலிகம், அந்த மாதம் நிரந்தரமாக வேண்டியது. என் தாளைப் படித்த பிள்ளைகள் 'செத்த பறவை டீச்சர்' என்று கூப்பிடுகிறார்களாம். ஏமாற்றிப் படம் எடுத்தவரை எப்படி நிரந்தரமாக்குவது என்று தலைமை ஆசிரியை யோசிக்கிறாராம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "ஒரு தடவ எங்க ஊருக்கு வந்து பாத்துட்டு, அதுக்குப் பொறவு என்ன வேணும்னாலும் எழுதுங்க சார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன். அன்றைக்கு மாதா கோயிலில் பூசை, யாரும் வலை போட மாட்டார்கள், திங்கட்கிழமை விடியற்காலை வாருங்கள் என்றார்கள். எனக்கும் உள்ளுக்குள் வீம்பு. ஒரு கை பார்த்துவிடுவோம் என்று புதுப் பிலிம் சுருள் ஒன்றைக் கேமராவில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன்.

இரண்டு மணி நேரம் ஒரு பறவை இல்லை. டீச்சர் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் வெளிறிப் போயிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து மணிக்கு வங்கியில் இருக்க வேண்டும். கிளம்புகிறேன் என்று சொல்ல வாயெடுத்த நேரத்தில் அண்ணன் என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

நாலைந்து ஆலாக்கள் கரைக்குப் பக்கத்திலேயே சிறகை அடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்றன. வலைக்காரர்கள் யாரும் அசையவில்லை. திடீரென்று ஒன்று தலைகீழாகக் கவிழ்ந்தது. சிறகைப் பாதி மடக்கியது. கல் விழுகிற மாதிரி தண்ணீருக்குள் விழுந்து, வாயில் மீனோடு எழும்பியது. பின்னாலேயே இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. வலைக்காரர்கள் ஓட்டமாக ஓடினார்கள்.

"அது றெக்கைய விரிச்சே சுத்திட்டு இருந்தா நாங்க வலையத் தொட மாட்டோம். மடக்குனாத்தான் மீன் இருக்குன்னு அர்த்தம்" என்றார் அண்ணன். "நீங்க செத்த பறவைன்னு எழுதுனியளே, அதப் பாத்துத்தான் சார் எங்க வீட்டுல அடுப்பு எரியுது."

கேமராவைத் தூக்கி முப்பத்தாறு படத்தையும் எடுத்துத் தீர்த்தேன். வங்கிக்கு லீவு சொல்லிவிட்டு, சுருளை அன்றைக்கே கழுவிப் பார்த்தால் முப்பத்தாறிலும் வெறும் கடல், வெறும் வானம். ஒன்றே ஒன்றில் தண்ணீர் தெறித்திருந்தது, பறவை உள்ளே போய்விட்டது. அந்தப் பெண் எப்பேர்ப்பட்ட படத்தை எடுத்திருக்கிறார், நான் எப்பேர்ப்பட்ட மடையன் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் சாயங்காலம் ஹாலுக்கு ஓடினேன். ஊரே வந்து பார்த்துக்கொண்டிருந்தது. என் தாளைக் கிழிக்கக் கை வைத்தேன். டீச்சர் ஓடிவந்து தடுத்தார்.

"கிழிக்காதீங்க சார். கிழிச்சா, நான் அழுது கிழிக்கச் சொன்னேன்னு பேசுவாங்க. அதுக்குக் கீழேயே எழுதுங்க, எல்லாரும் பாக்கட்டும்."

அத்தனை பேர் முன்னாலும் எழுதினேன். 'மேலே உள்ளது தவறு. இந்தப் பறவை உயிரோடு மீன் பிடிக்கிறது. நான் நேரில் பார்த்தேன். கடலை அறியாமல் எழுதிவிட்டேன்.' கீழே கையெழுத்துப் போட்டேன். யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், யாரும் சிரிக்கவில்லை. பிறகு நானே தலைமை ஆசிரியையிடம் போய் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அவர் சொன்னார்: "அந்த டீச்சர் நேத்தே வந்து சொல்லிட்டாங்க. 'அந்த சார் கெட்டவர் இல்ல, பாக்காத ஆளு, இப்பப் பாத்துட்டார்'னு."

அந்த மாதமே டீச்சருக்கு வேலை நிரந்தரமானது. நான் மாற்றலாகி எத்தனையோ ஊர் போய்விட்டேன். அவர் நினைத்திருந்தால் என் மேலதிகாரியிடம் ஒரு மனுப் போட்டு என் மானத்தை வாங்கியிருக்கலாம். அவரோ என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார், காட்டிய கையோடு எனக்காகப் பரிந்தும் பேசினார். இன்றைக்கும் எனக்குத் தெரியாத ஒன்றை யாராவது முன்னால் வைத்தால், 'இதை எங்கே போய்ப் பார்க்கலாம்?' என்றுதான் முதலில் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம், அந்த டீச்சர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று மனசு தானாகச் சொல்லிக்கொள்கிறது.